வாழைமரம் கட்டிய ஞாயிற்றுக்கிழமை

சிம்பாங் பூலாய்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் பிரமிளாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால்கூட இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, வாசலில் பூனைகள் சுகம், சீலிங்கில் அந்த மூசாங் மரநாய் குடும்பத்தோடு சுகம், மலைக்குரங்குகள் நம் எல்லாரையும் விட நல்ல சுகம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. சுகுமாரன் மகள் ஷர்மினி சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன், முறுக்கு டின்னுக்குள் இந்தக் கடிதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போனில் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று துளைத்தபோது நான் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினேன் என்று உனக்குக் கோபம். என்ன செய்வது, வெள்ளிக்கிழமை நல்ல நாள், என் மகனிடம் நானே சொல்கிறேன், அதுவரைக்கும் நீங்கள் உங்கள் பிள்ளையிடம் வாயைத் திறக்கவேண்டாம் என்று சுபேசனின் அம்மா சாரதாதேவி கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றுவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது முடிவு என்ன என்று சுபேசன் உனக்குச் சொல்லியிருப்பான். ஆனால் அந்த முடிவு எப்படி வந்தது என்று அவன் வீட்டில் ஒரு மாதிரி சொல்வார்கள், உன் அப்பா வேறு மாதிரி சொல்வார். உன் அப்பா சொல்லும் கதையில் அவர் ஒரு பெரிய வீரர். அதனால்தான் சமையலைத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு எல்லாம் விளையாட்டு. இரண்டு வீடும் ஒத்துவராவிட்டால் நாங்கள் இங்கேயே பதிந்துகொண்டு போட்டோ அனுப்புகிறோம் என்று போன மாதம் சொன்னாயே, அதைச் சொல்லிவிட்டு நீ நன்றாகத் தூங்கியிருப்பாய், நான் தூங்கவில்லை. ஒரே பிள்ளை, உன் கழுத்தில் தாலி ஏறுவதைப் போனில் பார்க்கவா உன்னைப் பெற்றேன். சுபேசன் தங்கமான பையன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் வீட்டு ஆட்கள் வேறு. யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஈப்போ டவுனில் தனி வீடு, அப்பா ஸ்கந்தராஜா நில அளவை இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா சாரதாதேவி பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். நாம் யார், பஸ் ஓட்டினவரும் கையுறை ஃபேக்டரியில் நின்றவளும், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் மலையோரக் கடைசி வீடு. போன வாரம் அந்த அம்மா போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பேசிவிட்டுப் போகிறோம், ஆனால் ஒன்றும் சமைக்கவேண்டாம் மிஸஸ் உடையப்பன், நாங்கள் தண்ணீர் மட்டும்தான் குடிப்போம் என்றார். அது உனக்குச் சாதாரணமாகத் தெரியும், எனக்கு அப்படி இல்லை. சம்பந்தம் பேசி முடியாமல் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கமாட்டார்கள் அம்மா. ஒரு வாய் சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், சாப்பிட்டபிறகு பின்வாங்கினால் பெரிய அவமானம். இது நம்மிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. வருவதற்கு முன்னாலேயே சாப்பிடமாட்டோம் என்கிறவர்கள் என்ன முடிவோடு வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா. வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று அன்றைக்கே மனதில் பட்டுவிட்டது. ஆனாலும் என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சமைக்காமல் இருக்கமாட்டேன், அவர்கள் சாப்பிடாவிட்டால் அது அவர்கள் பாடு என்று இருந்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. அவருடைய கவலை, அவர்கள் வரும் நேரத்தில் இந்த வீட்டில் மனிதர்களைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்பது. முதலில் பூனைகள் மேல் பாய்ந்தார். அதெல்லாம் நம் பூனை இல்லை, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் தானாகப் பிறந்து தானாக வளர்வது, நான் மீன் தலையோடு கொஞ்சம் சோறு போடுகிறேன் என்பது உண்மை, அதற்காக நான் பூனைகளுக்கு மெஸ் நடத்துகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லவேண்டுமா. பக்கத்து வீட்டு லியோங் அங்கிள் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வேலி ஓரமாக அடுக்கச் சொன்னார், பூனைக்குத் தண்ணீர் பளபளப்பு ஆகாது, ஓடிவிடும் என்று. உன் அப்பாவும் தெருவில் இருந்த காலி பாட்டில் எல்லாம் பொறுக்கி அடுக்கினார். மத்தியான வெயிலில் அந்தப் பாட்டில்கள் ஜில்லென்று இருப்பதைக் கண்டுபிடித்த பூனைகள் அதிலேயே முதுகைச் சாய்த்துத் தூங்கின. அப்புறம் சன்னாசி மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு, மூன்று பூனையைக் காய்கறிக் கூடையில் பிடித்துப் போட்டு, கோப்பெங் பாசாரில் மீன் கடை ஓரமாக விட்டுவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார். எதிர்வீட்டு மாச்சிக் ரொகாயா, பூனையைத் தூரத்தில் கொண்டுபோய் விடுவது பாவம் என்று கேட்டுக்குள் நின்றபடியே சொல்லிவிட்டார். அங்கே பூனைகளை இறக்கிவிட்டு மச்சான்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார்கள், வேன் கதவைச் சாத்தவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றும் பின் சீட்டில் இருக்கிறது, கூட ஒரு கறுப்புப் பூனை, யாருடையது என்று தெரியாது, வயிறு தரையில் இடிக்கிற மாதிரி நிறைமாதம். அது மறுநாளே நம் மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டுவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பை எங்கே விரட்டுவது, நானே பழைய துண்டு விரித்துக் கொடுத்தேன்.

மூசாங் கதை இன்னும் மோசம். ஹாலுக்கு மேலே சீலிங்கில் குட்டிகளோடு குடியிருக்கிறது. அந்துருண்டை போட்டார், அவைகளை உருட்டி விளையாடிக்கொண்டு இருந்தன. சத்தம் கேட்டால் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம், பேட்டரி ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துச் சீலிங்குக்குள் தள்ளிவிட்டார், எப்படி எடுப்பது என்று யோசிக்கவில்லை. பேட்டரி தீரும்வரைக்கும் தலைக்கு மேலே செய்தியும் மரண அறிவித்தலும் ஓடியது, மூசாங் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு இருந்தது. உன் வீட்டுக் கூரையில் போசம் என்று ஏதோ ஓடுகிறது என்றாயே, நீ அதற்கு ரேடியோ எல்லாம் வைக்காதே, ராத்திரி அது வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையை அடைக்க ஆளைக் கூப்பிடு, குட்டி உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். குரங்குகளுக்காக உன் அப்பா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பெரிய புலி பொம்மை ஒன்று வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். முதல் நாள் குரங்குகள் கிட்டே வரவில்லை, மதில் மேல் உட்கார்ந்து பார்த்தன. இரண்டாம் நாள் ஒரு தாய்க்குரங்கு தன் குட்டியைப் புலியின் முதுகில் உட்காரவைத்துப் பேன் பார்த்தது. அதற்குப் பிறகு அவரும் புலியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் இந்தக் குரங்குகளை நீ லேசாக நினைக்காதே, அந்தப் பெரிய ஆண்குரங்கு போன மாதம் லியோங் அங்கிள் கையைக் கடித்து அவர் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். தாமானில் அது வந்தால் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வோம்.

இப்படி எல்லாம் தெரிந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா. ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்படியில் இருக்கும்போது சன்னாசி மாமா லோரியில் இரண்டு வாழைமரம் கொண்டுவந்து இறக்குகிறார். தாரோடு. அதுவும் பச்சைத் தார் இல்லை, பார்வைக்குப் பகட்டாக இருக்கட்டும் என்று சொல்லிவைத்து வாங்கிய பழுத்த தார். கேட்டுக்கு இரண்டு பக்கமும் கட்டுகிறார்கள். இது கல்யாணம் இல்லை, நிச்சயமும் இல்லை, வந்து பேசப்போகிறார்கள் அவ்வளவுதான், வாழைமரம் எதற்கு என்று கத்தினேன். நம்ம வீட்டுக்கு முதல் தடவை சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள், வாசல் வெறுமனே இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று உன் அப்பா சொன்னார், அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. குரங்கு வராதா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை குப்பை லோரி வராது, அதனால் குரங்கும் வராது என்றார் உன் அப்பா. ஒண்ணும் ஆகாதுலா அக்கா என்றார் உன் மாமா, சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

பத்து மணி போல வந்தார்கள். பழைய கார்தான், ஆனால் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருக்கிறார் ஸ்கந்தராஜா. சாரதாதேவி அம்மா இறங்கினதும் வாழைமரத்தைத்தான் பார்த்தார், அப்புறம் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். எனக்கு அங்கேயே நிலத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது, முடிவு செய்யாத சம்பந்தத்துக்கு வாழைமரம் கட்டின வீடு என்று நாளைக்கு ஈப்போ முழுக்கப் பேச்சாகும். உள்ளே வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். ஸ்கந்தராஜா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில்தான் என் அப்பா பெரிய கிராணியாக இருந்தவர் என்றார். என் அப்பா இதே இடத்தில்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார் என்று நான் சொன்னேன், ஏன் மறைக்கவேண்டும். அப்போது பார்த்துச் சீலிங்கில் ஓடுகிற சத்தம் கேட்டது. சாரதாதேவி அம்மா மேலே பார்த்தார். கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சி, பாண்டான் இலை வாசம் நல்லா வருது, பாயாசம் வைச்சிருக்கிறியளோ என்று கேட்டார். மூசாங் மூத்திரத்துக்குப் பாண்டான் வாசம் என்று உனக்குத் தெரியும்தானே. ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பாயாசமும் வைத்திருந்தேன், பொய் இல்லை.

ஸ்கந்தராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் வந்த விஷயம் என்னவென்றால் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் தொப்பென்று சத்தம், அப்புறம் தொப் தொப் தொப் என்று மழை மாதிரி. கிரில் கதவு வழியாகப் பார்த்தால் மதில் மேல், கேட் மேல், வாழைமரத்து மேல், அவர் கார் மேல், எங்கே பார்த்தாலும் குரங்கு. மலையில் ஒன்றைக்கூட விட்டுவிட்டு வரவில்லை. தாரைப் பிய்த்துக் கார் பானட்டில் உட்கார்ந்து பந்தி சாப்பாடு, தோலை எல்லாம் கண்ணாடியில் ஒட்டிவைத்தன. ஒன்று வைப்பரைப் பிடுங்கி மற்றதை அடித்தது. ஸ்கந்தராஜா எழுந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தக் காரை அவர் பிள்ளை மாதிரி வைத்திருப்பார் போல. உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் கத்துகிற குரலில் ஒரு கத்துக் கத்தினார். அந்தப் பெரிய ஆண்குரங்கு மெதுவாக வந்து, சாரதாதேவி அம்மாவின் செருப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கிரில்லுக்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. உன் அப்பா மரக்கதவையும் சாத்திவிட்டு வந்து, கொஞ்ச நேரத்தில் போய்விடும், நீங்கள் வசதியாக உட்காருங்கள் என்றார். வனவிலங்கு ஆபீசுக்குப் போன் பண்ணினோம், பாவம் அவர்கள் பாகான் செராய் பக்கம் வயல் நடுவில் ஏதோ பாம்பு பிடித்துக்கொண்டு இருந்தார்கள், முடித்துவிட்டு வருகிறோம், அதுவரைக்கும் யாரும் வெளியே போகவேண்டாம் என்றார்கள்.

ஆக நாலு பேரும் ஹாலில் அடைபட்டுக் கிடந்தோம். வந்த விஷயம் பாதியில் நின்றது, அதைத் திரும்ப எடுக்க ஸ்கந்தராஜாவுக்கும் மனம் வரவில்லை, கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஒரு வீட்டில் அடைபட்டுக்கொண்டு அந்த வீட்டுப் பெண் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சொல்லிவிட்டு எங்கே போவது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். உன் அப்பா முகம் வெளுத்தது எனக்கு அப்போது புரியவில்லை. அவர் போய்க் கதவைத் திறந்தார், உடனே சாத்தினார், திரும்பி வந்து மனைவி காதில் சொல்கிற மாதிரி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம் என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், உன் அப்பா காலையில் எனக்குத் தெரியாமல் தாய்ப்பூனையையும் குட்டிகளையும் மற்ற மூன்றையும் அங்கே போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். கதவு திறந்ததும் எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டன. கறுப்பி ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு வந்து சாரதாதேவி அம்மாவின் சேலை ஓரத்தில் வைத்தது. அந்த அம்மா காலைத் தூக்கிச் சோபா மேல் வைத்துக்கொண்டார், தலைமை ஆசிரியையாக இருந்தவர், எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. இவைகளை ஏன் வளர்க்கிறீர்கள் மிஸஸ் உடையப்பன் என்று கேட்டார். நாங்கள் வளர்க்கவில்லை, அதுகள்தான் எங்களை வைத்திருக்கிறது என்று உன் அப்பா சொன்னார். அவர் சிரிக்கட்டும் என்று சொன்னார், அந்த அம்மா சிரிக்கவில்லை.

மணி ஒன்று தாண்டியது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, காற்றாடி சூட்டைத்தான் சுற்றுகிறது. அடுப்படியில் என் சமையல் அப்படியே மூடியபடி இருக்கிறது. கத்தரிக்காய் பால்கறி, பருப்பு, அப்பளம், அவர்களுக்குப் பிடிக்கும் என்று யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துச் சொதிகூட வைத்திருந்தேன். வாசனை ஹால்வரைக்கும் வருகிறது, யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அப்போதுதான் ஸ்கந்தராஜா பேசாமல் இருப்பதைக் கவனித்தேன். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை, கைக்குட்டையை எடுக்கப் பார்க்கிறார், கை சட்டைப்பையைத் தேடிக்கொண்டே நடுங்குகிறது. சாரதாதேவி அம்மா என்னப்பா என்னப்பா என்று எழுந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி, மத்தியானம் ஈப்போவில் தங்கை வீட்டில் சாப்பாடு, நேரத்துக்குப் போய்விடலாம் என்று காலையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவசரத்துக்கு வைத்திருக்கும் மிட்டாய் காரில் இருக்கிறது, கார் குரங்குகள் கையில் இருக்கிறது. சீனித்தண்ணி தாங்கோ என்றார் அந்த அம்மா. நான் கரைத்துக்கொண்டு ஓடினேன், உன் அப்பா அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள மடக்கு மடக்காகக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது, பேச்சு வந்தது. ஆனால் சீனித்தண்ணி மட்டும் போதாது, உடனே சோறு சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கிவிடும். அது எனக்கும் தெரியும், என் அப்பாவுக்கும் இதே வியாதிதானே. அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனால் கேட்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்க்கிறார், வீட்டுக்காரரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், வாய் வரவில்லை. சோறு கேட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், கேட்காவிட்டால் மனுஷன் விழுந்துவிடுவார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன் மகளே, ஒரு நிமிஷம் எனக்கு உள்ளே குதித்தது. சாப்பிடட்டும், கை நனைக்கட்டும், அப்புறம் எப்படி வேண்டாம் என்பார்கள் பார்க்கலாம் என்று தோன்றியது. உன் அப்பாவும் என்னைப் பார்த்தார், அவருக்கும் அதே நினைப்பு ஓடியிருக்கும், நாற்பது வருஷம் பார்த்த முகம்தானே. ஆனால் பசித்துக் கிடக்கிற மனுஷன் வாயில் சோற்றைக் காட்டிச் சம்மதம் வாங்கி, அந்த வீட்டுக்கு உன்னை அனுப்புவதா. நாளைக்கு ஒரு சண்டை வந்தால், உங்கள் வீட்டில் எங்களைப் பூட்டிவைத்துச் சோறு போட்டுத்தானே முடித்தீர்கள் என்று ஒரு சொல் வராதா, அதை நீ அல்லவா கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். நான் தட்டில் சோறு போட்டுப் பருப்பு ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "இது சம்பந்தத்துக்குப் போடுற சோறு இல்லைங்க. பசிக்குப் போடுறேன். கணக்குல சேராது, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அவரைச் சாப்பிடச் சொல்லுங்க."

அவர் மனைவியைக்கூடப் பார்க்கவில்லை, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். கத்தரிக்காய் கேட்டார், வைத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டார். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக் கொடுக்கிறார், அவருக்கு என்ன செய்வது என்று தெரியாவிட்டால் ஏதாவது நொறுக்கவேண்டும். சாரதாதேவி அம்மா அப்படியே நின்றுகொண்டு இருந்தார். அவர் சாப்பிடவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை, அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, பசியை அடக்குகிற ஆள் என்று பார்த்தாலே தெரியும். கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவும் இடத்துக்குப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து மிஸஸ் உடையப்பன் மிஸஸ் உடையப்பன் என்று கூப்பிட்டவர், என் பேரைச் சொன்னார்.

"நவமணி, எனக்கும் போடுங்கோ. நான் சாப்பிடுறதைக் கணக்கில சேருங்கோ."

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். உன் அப்பா பேசாமல் எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறார், அவர் அழுவது யாருக்கும் கேட்கக்கூடாதாம். நான் போட்டேன். என்ன போட்டேன் எவ்வளவு போட்டேன் என்று தெரியாது, கண்ணில் தண்ணீர் மறைத்துக்கொண்டு இருந்தது. அந்த அம்மா நிதானமாகச் சாப்பிட்டார். சொதியை ஒரு வாய் குடித்துவிட்டு, இதுக்கு மஞ்சள் கூடிப் போச்சு, தேசிக்காய்ப் புளியும் இறக்கினபிறகுதான் விடவேணும், நான் ஒரு நாள் வந்து காட்டித் தாறன் என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லே போதும் என்று இருந்தது, வேண்டாத வீட்டுச் சமையலில் யார் குற்றம் சொல்வார்கள். குரங்குகள் எப்போது போயின என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தபோது வாசல் முழுக்கத் தோலும் நாரும்தான் கிடந்தது, செருப்பு லியோங் அங்கிள் வீட்டு மாமரத்தில் தொங்கியது, உன் அப்பா கொக்கி போட்டு எடுத்துக் கொடுத்தார். அந்த ஆபீஸ் பிள்ளைகள் வந்தபோது நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம், அவர்களுக்கும் பாயாசம் கொடுத்து அனுப்பினோம். ஸ்கந்தராஜா போகும்போது வைப்பர் இல்லாத காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மழை வராமல் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். மழை வந்தது. மறுநாள் போனில் சொன்னார், ஈப்போவரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினாராம்.

போவதற்கு முன்னால் அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கும்போது சாரதாதேவி அம்மாவிடம் நான் கேட்டுவிட்டேன், காலையில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று. உள்ளதைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வரவில்லையாம், வேணும் என்று சொல்லவும் வரவில்லையாம், பிள்ளைகள் அங்கே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம், கூடவும் நிற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார்களாம். ஏன் என்றால், சுபேசனும் அவரிடம் அதேதான் சொல்லியிருக்கிறான், ஒத்துவராவிட்டால் பதிந்துகொண்டு போட்டோ அனுப்புகிறோம் என்று. நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவைத்துக்கொண்டா இரண்டு அம்மாவுக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள். அவரும் அன்றைக்குத் தூங்கவில்லையாம். கோபத்தில்தான், தூரத்திலேயே நடக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். என்ர ஒரே பிள்ளையின்ர கலியாணத்தை நான் போனில பார்க்கமாட்டன் நவமணி என்று சொல்லிவிட்டு, என் அடுப்படித் துண்டில் கண்ணைத் துடைத்தார், அது எண்ணெய்த் துண்டு, நான் சொல்லவில்லை.

அதனால் கேட்டுக்கொள் பிரமிளா, கல்யாணம் ஈப்போவில், கோயிலில், தை மாதம். தேதியை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துச் சொல்வோம், உங்களிடம் கேட்கமாட்டோம், லீவுக்கு இப்போதே எழுதிக்கொடு. இதுவரைக்கும் உன்னோடு மல்லுக்கு நிற்க ஒரு அம்மாதான், இனிமேல் இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமை ஆசிரியை. ஆனால் ஒன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நீ இங்கே வந்து இறங்குவாய் என்று தெரிந்த பிறகு இந்த இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்குகிறது, உன் அப்பா பாட்டுப் பாடுகிறார். அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நூறு வருஷம் சேர்த்து வைக்கட்டும், குறையில்லாமல் வாழுங்கள். முறுக்கை ஈரம் படாமல் மூடிவை, சுபேசனுக்குப் பாதி கொடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சாரதாதேவி அம்மாவுக்கு நீயே ஒரு போன் போடு, ஆன்டி என்று கூப்பிடாதே, மாமி என்று கூப்பிடு, அந்த ஒரு வார்த்தைக்காகப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா நவமணி